நட்புறவுச் சங்கம் என்றால் என்ன? பாக் நீரிணையின் கரையிலிருந்து ஓர் அறிமுகம்

இரண்டு அரசுகள் பேசிக்கொள்ளத் தூதரகம் இருக்கிறது. இரண்டு நாட்டு மக்கள் பேசிக்கொள்ள என்ன இருக்கிறது? சொந்தபந்தம் இருக்கலாம், வியாபாரம் இருக்கலாம், திருவிழா இருக்கலாம். ஆனால் நடுவில் ஒரு தகராறு வந்துவிட்டால், நாளைக் காலையில் அந்தப் பக்கம் யாரைக் கூப்பிட்டுப் பேசுவது என்ற கேள்விக்கு இவை எதுவும் பதில் தராது. அந்த இடத்தை நிரப்பத்தான் பல நாடுகளில் மக்கள் தாமாகவே நட்புறவுச் சங்கங்களைத் தொடங்கினார்கள்.

பெயரைக் கேட்டதும் சால்வை, மாலை, குழுப் புகைப்படம் என்றுதான் பலருக்கும் நினைவு வரும். அப்படியும் சங்கங்கள் உண்டு. ஆனால் உருப்படியாக வேலை செய்த சங்கங்களின் வரலாற்றைப் படித்தால் வேறு ஒன்று தெரிகிறது. அவை நட்பைக் கொண்டாடியதைவிட, நட்பு கெட்டுப்போன நாட்களில் பேச்சு அறுந்துவிடாமல் பார்த்துக்கொண்டதே அதிகம். ராமநாதபுரம் கடற்கரையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிர்க்கரையோடு நமக்கு உறவும் உண்டு, வழக்கும் உண்டு. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேச ஓர் அமைப்பு மட்டும்தான் இல்லை.

சங்கம் எப்படிப் பிறக்கிறது, எதனால் நிலைக்கிறது, எதனால் சாகிறது என்று முதலில் பார்ப்போம். அப்புறம் நம் கரைக்கு வருவோம்.

அடிப்படை அமைப்பு

நட்புறவுச் சங்கம் என்பது பெரும்பாலும் ஒரே சங்கம் அல்ல, ஒரு ஜோடி. இந்த நாட்டில் ஒன்று, அந்த நாட்டில் ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி உறுப்பினர், தனித்தனிச் செயலாளர், தனித்தனிக் கணக்கு. கூட்டங்களை மாறி மாறி நடத்துவார்கள். இந்த ஆண்டு இங்கே என்றால் அடுத்த முறை அங்கே. ஒரு பக்கம் மட்டும் கூட்டிக்கொண்டிருந்தால் அது விருந்தாகிவிடும். யார் அழைப்பவர், யார் விருந்தாளி என்ற உயர்வு தாழ்வு வந்துவிடும்.

சங்கத்தால் ஒப்பந்தம் போட முடியாது. எல்லையை மாற்ற முடியாது. சிறையில் இருப்பவரை விடுவிக்கும் அதிகாரமும் கிடையாது. அதிகாரம் இல்லை என்பதே அதற்கு ஒரு வசதியும்கூட. அரசின் பிரதிநிதி ஒரு சொல்லை விட்டுவிட்டால் அது நாட்டின் நிலைப்பாடாகிவிடும். சங்கத்துக்காரர், "நாங்கள் செய்தது தவறுதான், ஆனால் எங்களுக்கும் வேறு வழி தெரியவில்லை" என்று மனம் விட்டுச் சொல்லலாம். அந்த ஒரு வாக்கியத்திலிருந்து பேச்சு நகரும்.

ஸ்வீடனும் நார்வேயும்: நல்ல உதாரணம்

அண்டை மக்களுக்கிடையே இருந்த சங்கங்களில் நான் மிகவும் மதிப்பது வட ஐரோப்பாவின் நோர்டன் சங்கங்களைத்தான். அதன் பின்னணியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஸ்வீடனும் நார்வேயும் சுமார் 90 ஆண்டுகள் ஒரே மன்னரின் கீழ் இருந்தன. 1905இல் நார்வே பிரிந்து போனது. அந்த ஆண்டு இரண்டு பக்கமும் எல்லையில் படைகள் நின்றன. கார்ல்ஸ்டாட் நகரில் நடந்த பேச்சுவார்த்தையில் ஒருவழியாகப் போர் தவிர்க்கப்பட்டது. ஆனாலும் கசப்பு போகவில்லை. இத்தனைக்கும் ஸ்வீடன்காரர் பேசுவது நார்வேக்காரருக்குப் பெரிதும் புரியும், மதம் ஒன்று, சாப்பாடும் ஏறக்குறைய ஒன்று. மொழி நெருக்கமாக இருந்தால் மனமும் நெருங்கிவிடும் என்று நாம் சுலபமாக நம்பிவிடுகிறோம். நெருங்கியவர்களுக்குள் வரும் பிணக்குதான் ஆழமாகப் பதியும்.

அந்தக் கசப்பைத் தணிக்க முதலில் வந்தவர்கள் சாதாரணக் குடிமக்கள். இரு நாட்டு அமைதிச் சங்கங்களும் சேர்ந்து பணம் திரட்டி, 1914 ஆகஸ்டில் எல்லைக்கோட்டின் மேலேயே ஓர் அமைதிச் சின்னத்தை எழுப்பின. அந்த இடத்துக்கு இன்று மொரோகூலியன் என்று பெயர். முதல் உலகப்போர் மூண்டு சில வாரங்களே ஆகியிருந்த நேரம் அது. போர்க்காலத்தில் உணவுக்கும் எரிபொருளுக்கும் தட்டுப்பாடு வந்தபோது, ஸ்வீடன், நார்வே, டென்மார்க் மூன்றும் ஒருவரை ஒருவர் நம்பித்தான் காலம் தள்ள வேண்டியிருந்தது. போர் முடிந்ததும், 1919இல், மூன்று நாடுகளிலும் நோர்டன் சங்கம் தொடங்கப்பட்டது. பின்னர் ஐஸ்லாந்தும் பின்லாந்தும் சேர்ந்துகொண்டன.

இவர்கள் செய்த வேலைகளில் ஒன்று என்னை இன்றும் வியக்க வைக்கிறது. பள்ளி வரலாற்றுப் பாடநூல்களைப் பரிமாறிக்கொண்டார்கள். உன் நாட்டுப் புத்தகத்தில் என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாய் என்று நான் பார்க்கிறேன், என் புத்தகத்தை நீ பார். அடுத்த நாட்டைத் தூற்றும் வரிகளையும், ஒரே போரை இரண்டு புத்தகங்கள் இரண்டு விதமாகச் சொல்லும் இடங்களையும் குறித்துக்கொண்டார்கள். குழுக்கள் அமைத்து ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தார்கள். சிறு ஊர்களில்கூடக் கிளைகள் இருந்தன. ஊருக்கு ஊர் நட்பு ஏற்படுத்தி, ஆசிரியர்களையும் மாணவர்களையும் அனுப்பி வைத்தார்கள். 1952இல் ஸ்வீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து குடிமக்கள் பாஸ்போர்ட் இல்லாமல் ஒருவர் நாட்டுக்கு மற்றவர் போகலாம் என்று ஆனது. அதை அரசுகள்தான் செய்தன. ஆனால் அதற்கு முன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சங்கங்கள் மண்ணைப் பண்படுத்தி வைத்திருந்தன.

அரசின் நிழலில் வளர்ந்தவை

எல்லாச் சங்கமும் இப்படி இல்லை. பின்லாந்தும் சோவியத் யூனியனும் 1939 முதல் 1944 வரை இரண்டு போர்கள் நடத்தின. 1944 செப்டம்பரில் போர்நிறுத்தம் கையெழுத்தானது. அடுத்த மாதமே பின்லாந்து–சோவியத் சங்கம் தொடங்கிவிட்டது. ஆள்பலமும் அரசின் ஆதரவும் அதற்கு நிறைய இருந்தன. ஆனால் பெரிய அண்டை நாட்டின் முகம் கோணும்படி எதையும் பேச அதனால் முடியவில்லை. சங்கம் பெரிதாக இருந்தும் பேச்சு ஒருபக்கமாகவே இருந்தது.

நம் நாட்டிலும் 1950களில் இந்தியா–சீனா நட்புறவுச் சங்கம் ஊர் ஊராகப் பரவியது. சகோதரர்கள் என்ற முழக்கம் எங்கும் கேட்டது. 1962இல் எல்லைப்போர் வந்ததும் அந்த உற்சாகம் அப்படியே அடங்கிவிட்டது. எல்லைக்கோடு எங்கே என்ற உண்மையான வழக்கைப் பற்றி அந்த மேடைகளில் இரு பக்கத்துச் சாதாரண மக்களும் உட்கார்ந்து பேசியதில்லை. பேசாத விஷயம்தான் கடைசியில் உறவை முறித்தது.

இதற்கு நேர்மாறு 1994இல் தொடங்கிய அமைதிக்கும் ஜனநாயகத்துக்குமான பாகிஸ்தான்–இந்தியா மக்கள் மன்றம். இதைத் தொடங்கியவர்கள் காஷ்மீர், ராணுவச் செலவு, மதவெறி என்று சங்கடமான தலைப்புகளையே முதலில் எடுத்து மேசையில் போட்டார்கள். 1995 பிப்ரவரியில் தில்லியில் முதல் கூட்டு மாநாடு. பிறகு லாகூர், கொல்கத்தா என்று மாறி மாறி நடந்தது. 1998 மே மாதம் இரு நாடுகளும் அணுகுண்டு சோதனை செய்தன. அதே ஆண்டு நவம்பரில் மன்றம் பெஷாவரில் கூடியது. 1999இல் கார்கில் போர். 2000 ஏப்ரலில் பெங்களூரில் கூடியது. இந்தியக் கடற்படையின் முன்னாள் தலைமைத் தளபதி அட்மிரல் ராம்தாஸ் இந்தியப் பக்கத்துக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர். போர் என்றால் என்ன என்று தெரிந்தவர்.

குஜராத், சிந்து கடற்கரைகளில் எல்லை தாண்டிக் கைதாகும் மீனவர்களின் பிரச்சினையை இந்த மன்றம் விடாமல் எழுப்பிவந்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் 2008இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய தேதிகளில் தங்கள் சிறைகளில் உள்ள மற்ற நாட்டவரின் பட்டியலைக் கொடுத்துக்கொள்கின்றன. உறவு எவ்வளவு கெட்டிருந்தாலும் அந்தப் பட்டியல் கைமாறுகிறது. யார் எங்கே இருக்கிறார் என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிவதே பெரிய விஷயம். ராமேசுவரத்தில் கணவன் பிடிபட்ட செய்தி கேட்டு மீன்துறை அலுவலகத்துக்கு ஓடும் பெண்களுக்கு அது புரியும்.

சரி, நம் கரைக்கு வருவோம்

தனுஷ்கோடி முனைக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். ஒரு காலத்தில் இந்த இரு கரைக்கும் தனியாக ஒரு சங்கம் தேவைப்பட்டிருக்காது. போக்குவரத்தே அந்த வேலையைச் செய்தது. 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும், எழும்பூரில் போட் மெயில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் மாறி, தலைமன்னாரிலிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு போய்விடலாம். ஒரே டிக்கெட். அதற்கு முன்பே, 1897 ஜனவரியில் இலங்கையிலிருந்து வந்த விவேகானந்தரைப் பாம்பனில் பாஸ்கர சேதுபதி வரவேற்றார். கீழக்கரை வணிகர்களுக்குக் கொழும்பு பக்கத்து ஊர். தோட்டத் தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை முடித்துத்தான் அக்கரைக்குப் போனார்கள்.

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதே ஆண்டு அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவாகியிருந்தது. அவர்கள் பின்னாளில் ராமேசுவரம் வழியாகத்தான் வந்து இறங்கினார்கள். புயலுக்குப் பிறகு தலைமன்னாருக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே ராமானுஜம் கப்பல் ஓடியது. 1980களில் போர் மூண்டபின் அதுவும் நின்றது. அப்புறம் அந்தக் கடல் வழியே வந்தவர்கள் அகதிகள். வேலைக்குப் போனவர்களின் முகாமாக இருந்த மண்டபம், உயிர் தப்பி வந்தவர்களின் முகாமாக மாறியது.

இதற்கிடையில் கடலில் கோடு விழுந்தது. 1974 ஜூன் ஒப்பந்தத்தில் பாக் நீரிணை, பாக் விரிகுடாவுக்கும், 1976 மார்ச் ஒப்பந்தத்தில் மன்னார் வளைகுடாவுக்கும் எல்லை வகுத்தார்கள். 285 ஏக்கர் பரப்புள்ள கச்சத்தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் போனது. 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்கு வந்துபோகலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ இலங்கை கேட்காது என்கிறது. 1976இல் பரிமாறிய கடிதங்களோ ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்றன. கரையில் இருப்பவர்களைக் கேட்காமல் போட்ட கோடு என்ற வருத்தம் நம் ஊர்களில் இன்றும் ஆறவில்லை. அந்த வருத்தம் நியாயமானது.

அந்தோணியார் திருவிழா ஒரு சங்கமா?

எழுதி வைத்த விதிகள் இல்லாமலே ஒரு நட்புறவுச் சங்கத்தின் பல வேலைகளைச் செய்துவந்தது கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி அங்கே கோயில் எழுப்பியதாகச் சொல்வார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாத, ஆள் குடியிருக்காத தீவு. தவக்காலத்தில், பிப்ரவரி மார்ச் வாக்கில், இரு கரையிலிருந்தும் படகுகள் வரும். கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்பவனி, மறுநாள் காலைத் திருப்பலி. யாழ்ப்பாண மறைமாவட்டத்து குருவும் நம் பக்கத்து குருவும் சேர்ந்து பூசை வைப்பார்கள். இந்து மீனவர்களும் நேர்ந்துகொண்டு போவார்கள்.

பூசை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் சந்தை. இங்கிருந்து சேலை, கைலி போகும். அங்கிருந்து சோப்பு, தேங்காய் எண்ணெய் வரும். பெண் பார்ப்பதும் சம்பந்தம் பேசுவதும் அந்த மணலில்தான் என்று பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். நிலையான இடம், நிலையான காலம், இரு பக்கமும் சமமாக வருவது, ஆண்டு தவறாமல் முகம் பார்ப்பது. சங்கத்துக்கு வேண்டியதில் பாதி இங்கே இருக்கிறது.

போர்க்காலத்தில் திருவிழா நின்றது. 2009இல் போர் முடிந்த பிறகு 2010இலிருந்து மறுபடி நடக்கிறது. 2016 டிசம்பரில் புதிய கோயில் திறக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில், படகோட்டிகளுக்குச் சிறைத்தண்டனை விதித்ததைக் கண்டித்து ராமேசுவரம் மீனவர்கள் திருவிழாவைப் புறக்கணித்தார்கள். அவர்கள் கோபத்தை நான் குறைசொல்லமாட்டேன். அந்த ஆண்டில் மட்டும் 500க்கும் மேற்பட்ட தமிழக மீனவர்கள் பிடிபட்டார்கள். ஆனால் இங்கேதான் திருவிழாவுக்கும் சங்கத்துக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. உறவு கெடும்போது திருவிழா நின்றுவிடும். சங்கம் அப்போதுதான் அவசரக் கூட்டம் போட வேண்டும்.

மனம் கசந்ததன் காரணம்

வெளியூர்க்காரர்கள் இதை மீனவருக்கும் இலங்கைக் கடற்படைக்கும் உள்ள தகராறாக மட்டுமே பார்க்கிறார்கள். கடற்படையின் கெடுபிடி உண்மை. சுட்டதில் உயிர்கள் போனதும் உண்மை. படகைப் பறிகொடுத்து, வாங்கிய கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நம் ஊர்களில் நிறைய. ஆனால் இதற்குள் இன்னொரு வழக்கு இருக்கிறது. அது தமிழ் மீனவருக்கும் தமிழ் மீனவருக்கும் உள்ளது.

நம் விசைப்படகுகள் இழுக்கும் மடி கடலின் அடியைத் தடவிக்கொண்டு போகும். குஞ்சும் குருமானும் சேர்ந்து வரும், பாசியும் பெயர்ந்துபோகும். எதிர்க்கரையில் மன்னார், யாழ்ப்பாணம் பக்கத்து மீனவர்களில் பெரும்பாலோர் சிறு படகில் போய் வலையை விட்டுக் காத்திருப்பவர்கள். முப்பது ஆண்டுப் போரில் கடலுக்கே போக முடியாமல் கிடந்து, போர் முடிந்தபின் கடன் வாங்கி வலை வாங்கியவர்கள். இரவில் விசைப்படகு அந்த வலையின் மேல் போனால் எல்லாம் அறுந்துபோகும். அவர்களுடைய கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் சமாசங்கள், அதாவது கூட்டமைப்புகள், இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டே தடைசெய்தது. நம் பக்கத்துப் படகுக்காரர்களிலும் பலர் இந்த மடி கடலுக்குக் கேடு என்று ஒத்துக்கொள்கிறார்கள். விட்டுவிட்டால் பிழைப்பு என்ன என்பதுதான் அவர்கள் கேள்வி.

நடந்த பேச்சுகள், நடுவில் விழுந்த இடைவெளி

இரு கரை மீனவர்களும் பேசவில்லை என்று சொல்ல முடியாது. 2004 மே மாதம், கைதான மீனவர்களை விடுவிக்கப் பாடுபட்ட ஒரு கூட்டமைப்பின் முயற்சியில் தமிழக மீனவர்கள் நல்லெண்ணப் பயணமாக இலங்கை போனார்கள். எதிர்க்கரைக்காரர்கள் தங்கள் மனக்குறையை நேருக்கு நேர் சொன்னார்கள். 2010 ஆகஸ்டில் அவர்கள் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். ஓராண்டுக்குள் இழுவைமடியைக் கைவிடுவது என்பது வரை அப்போது பேசி முடித்தார்கள். 2011 மார்ச்சில் நம்மவர்கள் திரும்பப் போனார்கள். 2014 ஜனவரியில் சென்னை, மே மாதம் கொழும்பு, 2015 மார்ச்சில் மறுபடி சென்னை. அந்தச் சென்னைப் பேச்சில், மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 83 நாள் அவர்கள் கடலில் பிடிக்க விடுங்கள், அதற்குள் மாறிக்கொள்கிறோம் என்று நம் தரப்பு கேட்டது. 2016 நவம்பரில் தில்லியில் இன்னொரு சுற்று. அதன்பின் மீனவர்கள் நேரில் உட்காருவது வெகுகாலம் நின்றுபோய், 2025 மார்ச்சில் நம் மீனவப் பிரதிநிதிகள் வவுனியா போய்ப் பேசினார்கள்.

ஒவ்வொரு முறையும் பேச்சு நன்றாகவே தொடங்கியிருக்கிறது. ஒரே மொழியில், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், அண்ணன் தம்பி என்று கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். ஆனால் இரண்டு பேச்சுகளுக்கு நடுவில் என்ன நடந்தது? போன தடவை என்ன ஒத்துக்கொண்டோம் என்று எழுதி வைத்து, அதில் எது நிறைவேறியது, எது நிறைவேறவில்லை என்று இரு பக்கமும் கேட்க ஆள் இல்லை. ஓராண்டில் மடியை விடுவதென்றால் அதற்குப் பணம் வேண்டும், மாற்றுத் தொழில் வேண்டும். பாக் விரிகுடாவில் 2,000 இழுவைப்படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் அரசுத் திட்டம் 2017இல்தான் வந்தது. ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய், அதில் 70 சதவீதம் மானியம். மீதிக் கடனுக்குப் பயந்தும், ஆழ்கடல் சூரை மீன்பிடி பழக்கமில்லாததாலும் பலர் முன்வரவில்லை. இதையெல்லாம் எதிர்க்கரைக்காரர்களிடம் யாரும் பொறுமையாகச் சொல்லவில்லை. அவர்கள் பார்வையில் நாம் வாக்குத் தவறியவர்கள். நம் பார்வையில் அவர்கள் இரக்கம் இல்லாதவர்கள்.

இந்த இடைவெளிதான் சங்கத்தின் இடம். பேச்சுவார்த்தை ஒரு நாள் வேலை. சங்கம் மீதி 364 நாள் வேலை.

நமக்குத் தெரியாத வித்தை இல்லை

இதெல்லாம் ஐரோப்பாவில் நடக்கும், நம் ஆட்களால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு ராமேசுவரத்திலேயே பதில் இருக்கிறது. விசைப்படகு வந்த காலத்தில் நாட்டுப்படகுக்காரர்களோடு பெரிய மோதல்கள் நடந்தன. வலை அறுந்த வழக்குதான் அதுவும். 1970களின் அந்த மோதல்களுக்குப் பிறகு ஏற்பட்டதுதான் மூன்று நாள், நான்கு நாள் முறை. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு போகும், மற்ற நான்கு நாள் நாட்டுப்படகு போகும். ராமேசுவரத்தில் திங்கள், புதன், சனி விசைப்படகு நாள். மீறல்கள் வரும், சண்டை வரும். ஆனாலும் இத்தனை பத்தாண்டுகளாக அந்த முறை நிற்கிறது. கடலைப் பங்குபோட்டுக்கொள்ள முடியாதபோது நாட்களைப் பங்குபோட்டுக்கொண்டார்கள்.

மன்னார் வளைகுடாத் தீவுகளில் பாசி எடுக்கும் பெண்களும் இப்படித்தான். மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என்று தாங்களே முடிவு செய்து கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். வீட்டுச் செலவை நடத்துகிறவர்கள் போட்ட கட்டுப்பாடு என்பதால் அதற்கு மதிப்பு இருக்கிறது. இரு கரைப் பேச்சுகளில் பெண்கள் கண்ணில் படுவதே அரிது. மீனைத் தரம் பிரித்து, காயவைத்து, விற்று, கணவன் சிறைக்குப் போனால் கடனையும் சுமப்பவர்கள் அவர்கள்தான். சங்கம் என்று ஒன்று வந்தால் நிர்வாகக் குழுவில் அவர்கள் பாதியாவது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தொடங்க என்ன வேண்டும்?

சட்டப்படி பெரிய தடை இல்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். நோக்கம், விதிகள், நிர்வாகிகள் பட்டியல் எழுதி மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழு, தணிக்கை செய்த கணக்கு. ஒன்றில் மட்டும் மிகவும் கவனம் வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து பணம் வாங்குவதானால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் அனுமதி தேவை. நல்ல வழி, அவரவர் செலவை அவரவர் பார்த்துக்கொள்வது. உறுப்பினர் சந்தா சிறியதாக இருந்தாலும் சொந்தப் பணமாக இருந்தால்தான் யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டியிருக்காது.

உறுப்பினராக யாரைச் சேர்ப்பது? விசைப்படகு உரிமையாளர் வேண்டும், அவர் படகில் கூலிக்குப் போகிறவரும் வேண்டும். நாட்டுப்படகுக்காரர் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் எதிர்க்கரைச் சிறுமீனவரின் கஷ்டம் அவருக்குத்தான் சொல்லாமலே புரியும். முகாமில் வளர்ந்த இலங்கைத் தமிழர், பள்ளி ஆசிரியர், பங்குத்தந்தை, ஜமாஅத் பெரியவர் எல்லாரும் சேரலாம். கட்சிக் கொடி வேண்டாம். இந்தப் பிரச்சினையில் மேடையில் பேசியவர்கள் ஏராளம், அதனால் கரையில் யாருக்கும் வலை மிச்சமானதில்லை.

பேரணியும் மாநாடும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் வேலையாக ஒரு பதிவேடு போதும். அந்தப் பக்கம் எந்த இரவில், எந்த இடத்தில், எத்தனை வலை அறுந்தது, அதன் விலை என்ன என்று அவர்கள் எழுதட்டும். இந்தப் பக்கம் எந்தப் படகு, யார் யார் பிடிபட்டார்கள், எந்தச் சிறையில் இருக்கிறார்கள், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, வீட்டில் என்ன சொல்லி அனுப்ப வேண்டும் என்று நாம் எழுதுவோம். மாதம் ஒருமுறை இரண்டு செயலாளர்களும் தொலைபேசியில் இரண்டு பதிவேட்டையும் ஒருவருக்கொருவர் படித்துக் காட்ட வேண்டும். அறுந்த வலைக்கு ஈடு கொடுப்பதா, எப்படிக் கொடுப்பது, சிறையில் இருப்பவருக்குத் துணியும் கடிதமும் யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற பேச்சு அந்த இரண்டு பதிவேட்டிலிருந்துதான் தொடங்கும்.